விசையும் எழுத்தும்: கணினி உரைப்பெட்டிகளில் தமிழ் உள்ளீட்டின் வரலாறு

1. முன்னுரை

கணினியில் தமிழைப் பயன்படுத்துவது குறித்து நிகழ்ந்த விவாதங்கள் பெரும்பாலும் இரண்டு பொருள்களைச் சுற்றியே அமைந்துள்ளன. ஒன்று குறியேற்றம், மற்றொன்று விசைப்பலகை அமைப்பு. எழுத்துகளுக்கு எந்த எண்களைத் தருவது, எந்த விசையில் எந்த எழுத்தை வைப்பது என்னும் வினாக்களுக்கு மாநாடுகளும் அரசாணைகளும் விடை தேடின. இவ்விரண்டுக்கும் இடையில் மூன்றாவதாக ஓர் இடம் உண்டு. விரல் விசையை அழுத்திய கணத்திற்கும் எழுத்து திரையில் நிலைபெறும் கணத்திற்கும் இடைப்பட்ட இடம் அது. அந்த இடத்தில் நிற்பது உரைப்பெட்டி.

இயங்குதளம் தரும் ஆயத்தப் பெட்டியை அப்படியே எடுத்துக்கொள்ளும் மென்பொருள்கள் உள்ளன. தமக்கெனத் தனியாகப் பெட்டியை வனைந்துகொள்ளும் மென்பொருள்களும் உள்ளன. சொற்செயலிகள், அட்டவணைச் செயலிகள், நிரல் எழுதும் கருவிகள், அகராதித் தொகுப்புக்கான தரவுத்தளங்கள், மூலத்தையும் பெயர்ப்பையும் இரு பத்திகளாகக் காட்டும் மொழிபெயர்ப்புக் கருவிகள் ஆகியவற்றுட் பல இரண்டாம் வகையைச் சார்ந்தன. மொழியியலாளரும் மொழிபெயர்ப்பாளரும் நாள்தோறும் எழுதுவது இத்தகைய பெட்டிகளில்தான். விசை வேறு, எழுத்து வேறு என்னும் உண்மையைக் கணினித்துறை படிப்படியாகக் கற்றுக்கொண்ட வரலாற்றையும், தாமே வனையப்பட்ட பெட்டிகளில் அப்பாடம் மீண்டும் மீண்டும் மறக்கப்படுவதால் தமிழுக்கு நேரும் இழப்பையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

2. தட்டச்சுப்பொறி: விசையே எழுத்தாதல்

1874ஆம் ஆண்டில் ரெமிங்டன் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த தட்டச்சுப்பொறியில் விசையும் எழுத்தும் ஒரே இரும்புத் தண்டின் இரு முனைகளாக இருந்தன. விசையை அழுத்தினால் அதற்குரிய அச்சு தாளில் விழும். தாள் ஓர் எழுத்தளவு நகரும். 26 எழுத்துகளைக் கொண்ட ஆங்கிலத்திற்கு இவ்வமைப்பு இயல்பாகப் பொருந்தியது. விசை ஒன்று, அச்சு ஒன்று, எழுத்து ஒன்று என மூன்றும் ஒன்றாயின.

தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என எழுத்துகள் 247. இவற்றை ஒரு தட்டச்சுப்பொறியின் விசைகளுக்குள் அடக்குதல் எளிதன்று. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவரும் மலாயாவில் வாழ்ந்தவருமான ஆர். முத்தையா 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் வகுத்த தமிழ் விசைப்பலகை, எழுத்துகளை அவற்றின் வரிவடிவக் கூறுகளாகப் பிரித்து இச்சிக்கலைத் தீர்த்தது. 'கொ' என்னும் எழுத்தைப் பெற ஒற்றைக்கொம்பு, ககரம், கால் என மூன்று விசைகளை அழுத்தவேண்டும். புள்ளிக்குரிய விசை தாளை நகர்த்தாது. புள்ளியை முதலில் இட்டு, அது விழுந்த இடத்திலேயே மெய்யின் வடிவத்தை அச்சிடவேண்டும். ஒலிக்கும் முறையிலும் எழுதும் முறையிலும் பின்னே வருவது தட்டச்சில் முன்னே வந்தது.

இங்கு விசை என்பது எழுத்தாகவும் இல்லை, ஒலியாகவும் இல்லை. வரிவடிவத்தின் ஒரு துண்டாக இருந்தது. எனினும் பொறியின் அடிப்படைக் கொள்கை மாறவில்லை. ஒரு விசைக்கு ஓர் அச்சு என்பதே விதி. அவ்விதிக்கு இணங்க எழுத்துதான் துண்டாடப்பட்டது. பெரியார் 1935இல் முன்வைத்து, தமிழ்நாடு அரசு 1978இல் ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்திற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் அச்சுக்கோப்பு, தட்டச்சு ஆகியவற்றின் எளிமையும் இடம்பெற்றது. கருவியின் எல்லை எழுத்தின் வடிவத்தைப் பற்றிய முடிவுகளிலும் பங்கேற்கிறது என்பதற்கு இது சான்று.

3. எழுத்துருக் காலம்

கணினி வந்தபோது இரும்புத் தண்டு மறைந்தது. விசைப்பலகை ஓர் எண்ணை மட்டுமே அனுப்புகிறது. அவ்வெண்ணை எவ்வெழுத்தாகக் கொள்வது என்பதை மென்பொருள் முடிவு செய்கிறது. விசையையும் எழுத்தையும் பிரிக்கும் வாய்ப்பு இவ்வாறு முதன்முறையாகக் கிட்டியது. ஆயினும் 1980களிலும் 1990களிலும் தமிழ் பெரும்பாலும் எழுத்துருக்களின் வழியாகவே கணினிக்குள் நுழைந்தது. ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்து எழுத்துருக்கள் உருவாக்கப்பட்டன. திரையில் தமிழ் தெரியும். உரைப்பெட்டியோ தான் ஆங்கிலத்தைக் கையாள்வதாகவே கொள்ளும்.

இக்காலத்தில் முரசு அஞ்சல் போன்ற மென்பொருள்கள் தமிழ் உள்ளீட்டுக்கென எழுந்தன. அழுத்தப்பட்ட விசையை வழியிலேயே மறித்து, அதற்கு ஈடான வடிவங்களைப் பெட்டிக்கு அனுப்புவது இத்தகைய உள்ளீட்டு நிரல்களின் பணி. 'க' என்று எழுதியபின் 'ஒ' என்று அழுத்தினால், அன்றைய எட்டு இருமக் குறியேற்றங்களில் கொம்பு ககரத்திற்கு முன்னே சேமிக்கப்படவேண்டும். அதற்காக நிரல் முதலில் பேக்ஸ்பேஸ் எனப்படும் பின்னழிப்பு விசையைத் தானே அழுத்தியதுபோல ஒரு செய்தி அனுப்பும், ககரம் அழியும், பின்னர்க் கொம்பு, ககரம், கால் ஆகிய மூன்றும் வரிசையாகச் செல்லும். பயன்படுத்துவோர் கண்ணுக்கு ககரம் 'கொ' ஆக மாறியதாகவே தோன்றும்.

இம்முறையின் வெற்றி முழுவதும் ஓர் எதிர்பார்ப்பைச் சார்ந்தது. பின்னழிப்புச் செய்தி வந்தால் பெட்டி சரியாக ஒரு குறியெண்ணை மட்டும் அழிக்கும் என்பதே அது. ஆயத்தப் பெட்டிகள் அதை நிறைவேற்றின. தாமே வனையப்பட்ட பெட்டிகளில் அது நிறைவேறும் என்பதற்கு உறுதி இல்லை.

4. ஒரு சொல், மூன்று கணக்குகள்

1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு தமிழ்99 விசைப்பலகையை ஏற்றது. இதில் 12 உயிர்களுக்கும் 18 மெய்களுக்கும் தனித்தனி விசைகள் உண்டு. மெய்யை அடுத்து உயிரை அழுத்தினால் உயிர்மெய் தோன்றும். ஒரே மெய்யை இருமுறை அழுத்தினால் முதலாவது தானே புள்ளி பெறும். அவ்வாறு புள்ளி பெறவேண்டாத இடத்தில் இடையே அகர விசையை அழுத்தித் தடுக்கலாம். தமிழின் புணர்ச்சியியல்பை அறிந்து வகுக்கப்பட்ட அமைப்பு இது.

'அம்மா' என்னும் சொல்லை இவ்விசைப்பலகையில் எழுதுவோம். அகரம், மகரம், மகரம், ஆகாரம் என நான்கு விசைகள் போதும். எழுத்திலக்கணப்படி எண்ணினால் அ, ம், மா என மூன்று எழுத்துகள். யூனிக்கோடு குறியேற்றத்தில் அ, ம, புள்ளி, ம, கால் என ஐந்து குறியெண்கள். விசை நான்கு, எழுத்து மூன்று, குறியெண் ஐந்து. மூன்று கணக்குகளும் வேறுபடுகின்றன. மூன்றும் தத்தம் அளவில் சரியானவை.

1991இல் வெளியான யூனிக்கோடு முதற்பதிப்பு, இந்திய மொழிகளுக்கான இஸ்கி குறியேற்றத்தின் 1988ஆம் ஆண்டு வடிவத்தைப் பின்பற்றியது. எல்லா உயிர்மெய்களுக்கும் தனித்தனிக் குறியெண்கள் அதில் இல்லை. இக்குறையைத் தவிர்க்க வகுக்கப்பட்ட தமிழ் அனைத்தெழுத்துக் குறியேற்றத்தைத் தமிழ்நாடு அரசு 2010இல் யூனிக்கோட்டோடு சேர்த்து ஏற்றது. அதன்படி எண்ணினால் 'அம்மா' மூன்று குறியெண்களே பெறும். ஆயினும் விசைகள் நான்காகவே இருக்கும் என்பதைக் கருதவேண்டும். குறியேற்றத்தை மாற்றினாலும் விசைக்கும் எழுத்துக்கும் இடையிலான தொலைவு நீங்குவதில்லை. அத்தொலைவைக் கடக்கும் பொறுப்பு அப்போதும் உரைப்பெட்டியையும் உள்ளீட்டு நிரலையும் சார்ந்தே இருக்கும்.

5. விண்டோசின் இருவகைச் செய்திகள்

விண்டோசு இயங்குதளம் விசைப்பலகையிலிருந்து வருவதை இரு வேறு செய்திகளாக நிரலுக்குத் தருகிறது. முதலாவது, விசை அழுந்தியது என்னும் செய்தி. அது விசைக்குரிய ஓர் எண்ணை மட்டும் தாங்கிவரும். இரண்டாவது, எழுத்து வந்தது என்னும் செய்தி. விசைப்பலகை அமைப்பைப் பார்த்து, விசையை எழுத்தாகப் பெயர்த்தபின் கிடைப்பது அது. ஐரோப்பிய மொழிகளில் ஒலிக்குறியை முதலில் அழுத்தி எழுத்தைப் பின்னர் அழுத்தும் வழக்கம் இருப்பதால், காத்திருக்கும் குறிக்கெனத் தனிச்செய்தி ஒன்றும் உண்டு.

இப்பாகுபாட்டின் பயனைத் தமிழ் இன்ஸ்கிரிப்ட் விசைப்பலகையில் காணலாம். ஆங்கிலத்தில் கே எழுத்துக்குரிய விசையின் எண் 75. இன்ஸ்கிரிப்ட் அமைப்பில் அதே விசை ககரத்தைத் தரும். அதன் யூனிக்கோடு எண் பதின்ம முறையில் 2965. முதற்செய்தியை மட்டும் பார்க்கும் பெட்டி 75 என்பதைக் கண்டு ஆங்கில எழுத்தை இடும். பயன்படுத்துவோர் தமிழ் விசைப்பலகையைத் தேர்ந்திருந்தும் பெட்டியில் ஆங்கிலமே விழும். இரண்டாம் செய்தியைப் பார்க்கும் பெட்டியில் ககரம் சரியாக வரும்.

மறுதலையான பிழையும் உண்டு. நகலெடுக்கும் கட்டளைக்குக் கன்ட்ரோல் விசையுடன் சி விசையை அழுத்துகிறோம். இன்ஸ்கிரிப்டில் சி விசை மகரத்தைத் தரும். கட்டளைக்கும் எழுத்தையே எதிர்பார்க்கும் பெட்டி மகரத்தைக் கண்டு கட்டளையை ஏற்காது நிற்கும். ஆகவே கட்டளைக்கு விசையையும் உரைக்கு எழுத்தையும் பார்க்கவேண்டும் என்பதே சரியான விதி. ஆங்கிலத்தில் இரண்டும் ஒன்றாகவே தோன்றுவதால், இவ்வேறுபாட்டைக் கவனிக்காத நிரலும் ஆங்கிலச் சோதனைகளில் பிழையின்றித் தேறிவிடும். பிழை வெளிப்படுவது பிற மொழியினர் கையில்தான்.

6. கிழக்காசியத் தேவையும் உரையாடும் பெட்டியும்

எழுத்து வந்தது என்னும் ஒரே செய்தியும் போதாது என்பதை முதலில் உணர்த்தியவை கிழக்காசிய மொழிகள். ஜப்பானிய மொழியில் ஒலியெழுத்துகளைத் தட்டி, அவற்றைச் சீனமூல எழுத்துகளாக மாற்றும் முறையைத் தோஷிபா நிறுவனம் 1978இல் அறிவித்த ஜேடபிள்யூ-10 சொற்செயலி நடைமுறைப்படுத்தியது. இங்கு எழுதுவோர் தட்டியது உடனே முடிந்த உரையாவதில்லை. ஓரொலிச் சொற்கள் பல இருப்பதால் அவற்றுள் ஒன்றைத் தெரிவு செய்யும்வரை அது முடிவுறா நிலையில் நிற்கிறது. முடிவுறா உரையைக் காட்டுவதற்கும் மாற்றுவதற்கும் உறுதிசெய்வதற்கும் பெட்டியும் உள்ளீட்டு நிரலும் இருபுறமும் செய்தி பரிமாறிக்கொள்ளவேண்டும்.

இத்தேவையை நிறைவேற்றும் ஏற்பாடுகள் 1990களில் ஒவ்வொரு தளத்திலும் உருவாயின. எக்ஸ் சாளர முறைமை 1991இல் வெளியான ஐந்தாம் வெளியீட்டில் உள்ளீட்டு முறைகளுக்கு இடமளித்தது. 1994இன் ஆறாம் வெளியீட்டில் அவற்றுக்குரிய நெறிமுறை சீர்தரமாயிற்று. ஜாவா மொழியின் 1998ஆம் ஆண்டுப் பதிப்பில் உள்ளீட்டு முறைச் சட்டகம் சேர்க்கப்பட்டது. ஜாவாவின் ஸ்விங் உறுப்புகள் இயங்குதளத்தின் பெட்டியைப் பயன்படுத்தாது தம்மைத் தாமே வரைந்துகொள்பவை. ஆதலின் இச்சட்டகம் அங்கு இன்றியமையாததாயிற்று. விண்டோசில் 2001இன் எக்ஸ்பி பதிப்போடு உரைச்சேவைச் சட்டகம் வந்தது. லினக்ஸ் சூழலில் 2002இல் வெளியான ஜிடிகே இரண்டாம் பதிப்பு உள்ளீட்டுச் சூழலைத் தனி உறுப்பாகப் பிரித்தது. மாக் கணினியில் பெட்டி எனத் தன்னை அறிவிக்கும் எவ்வுறுப்பும், இடங்காட்டி எங்கே உள்ளது, அதற்கு முன்னுள்ள உரை யாது, இவ்வெழுத்து திரையில் எவ்விடத்தில் உள்ளது என்னும் வினாக்களுக்கு விடைதர வேண்டும் என்பது விதியாக உள்ளது.

இவ்வினாக்களுள் தமிழுக்கு இன்றியமையாதது இரண்டாவது. தமிழ்99 அமைப்பில் ஆகார விசையை அழுத்தினால் 'ஆ' இடுவதா, கால் இடுவதா என்பது முன்னுள்ள எழுத்தைப் பொறுத்தது. பெட்டி விடைதராத நிலையில் உள்ளீட்டு நிரல் தான் கடைசியாக அனுப்பியதை நினைவிற்கொண்டே முடிவெடுக்கும். எழுதுவோர் மகரத்தைத் தட்டியபின் சுட்டெலியால் வேறிடத்திற்குச் சென்று ஆகாரத்தைத் தட்டினால், அந்நினைவு பொய்க்கும். சொல்லின் தொடக்கத்தில் 'ஆ' விழவேண்டிய இடத்தில் தனித்த கால் ஒன்று விழும். இதை எழுதுவோரின் கவனக்குறைவு எனக் கருதுவது வழக்கம். உண்மையில் அது பெட்டியின் மௌனத்தால் விளைந்தது.

7. அழித்தலும் நகர்தலும்

எழுதுதலைவிட அழித்தலே பெட்டியின் மொழியறிவைச் சோதிக்கும் இடம். விண்டோசின் ஆயத்தப் பெட்டிகளில் பின்னழிப்பு விசை ஒரு குறியெண்ணை அழிக்கும்; டெலீட் விசையும் அம்பு விசைகளும் முழு எழுத்தை ஓர் அலகாகக் கொள்ளும். 'கி' என்று தவறாக எழுதியவர் 'கீ' எனத் திருத்த விரும்பினால் இகரக் குறியை மட்டும் நீக்கினால் போதும் என்பது இதன் அடிப்படை. பின்னழிப்பு தட்டுதலின் அலகையும் ஏனையவை எழுத்தின் அலகையும் பின்பற்றுகின்றன எனலாம்.

ஒலிபெயர்ப்பு முறையில் எழுதுவோர் ஆங்கில கே விசையை அழுத்தினால் 'க்' தோன்றும். அடுத்து ஏ விசையை அழுத்தினால் புள்ளி நீங்கிக் 'க' ஆகும். பெட்டியோடு உரையாட இயலாத இடத்தில் நிரல் பின்னழிப்புச் செய்தியை அனுப்பியே புள்ளியை நீக்கும். அப்பெட்டி பின்னழிப்பிலும் முழு எழுத்தையே அழிப்பதாக வனையப்பட்டிருந்தால், புள்ளியோடு ககரமும் மறையும். எழுத்தை மதிக்கும் நோக்கத்தோடு செய்யப்பட்ட ஓர் ஏற்பாடே எழுத்தை விழுங்கிவிடும்.

முழு எழுத்து என்பது யாது என்னும் வரையறையும் காலந்தோறும் மாறியது. யூனிக்கோட்டின் உரைப்பிரிப்பு வரையறையில் 2008வரை இருந்த எழுத்தலகு, இடம் கொள்ளும் குறிகளைப் பொதுவாகச் சேர்த்துக்கொள்ளவில்லை. தமிழ் இகரக் குறி இடம் கொள்வதாகவும் ஈகாரக் குறி இடம் கொள்ளாததாகவும் பட்டியலிடப்பட்டுள்ளன. இதனால் அவ்வரையறைப்படி 'நீ' ஓர் அலகு. 'நி' இரண்டு அலகுகள். குறிலுக்கும் நெடிலுக்கும் இப்படி ஒரு வேறுபாட்டை எந்தத் தமிழ் இலக்கணமும் கூறாது. 2008இல் வந்த விரிவாக்கப்பட்ட வரையறை இதைச் சரிசெய்தது. 'நி' அவ்வரையறையை விளக்கும் எடுத்துக்காட்டுகளுள் ஒன்றாகவே இடம்பெற்றுள்ளது. பழைய வரையறையைக் கொண்டு வனையப்பட்ட பெட்டிகளில் இடங்காட்டி நகரத்திற்கும் இகரக் குறிக்கும் நடுவில் நிற்கும்.

மொழியியலாளர் கருதத்தக்க மற்றொன்றும் உண்டு. உயிர்மெய்யில் மெய் முன்னும் உயிர் பின்னும் ஒலிக்கும் என்பது தொல்காப்பியத்தின் கருத்து. அதன்படி 'கி' என்பதிலிருந்து உயிரை நீக்கினால் எஞ்சுவது 'க்'. கணினியில் இகரக் குறியை நீக்கினால் எஞ்சுவது 'க'. அதாவது வேறோர் உயிர்மெய். இலக்கணம் புள்ளி பெற்ற மெய்யை அடிப்படையாகக் கொள்கிறது. குறியேற்றமோ அகரமேறிய வடிவத்தை அடிப்படையாகக் கொள்கிறது. பின்னழிப்பு விசையை அழுத்தும்போதெல்லாம் இவ்விரு நோக்குகளின் வேறுபாடு வெளிப்படுகிறது.

8. தரவின் தூய்மை

இப்பிழைகள் எழுதுவோருக்கு எரிச்சலூட்டுவதோடு நின்றுவிட்டால் அவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம். அவை தரவுக்குள் தங்கிவிடுகின்றன. 'கொ' என்னும் எழுத்தை யூனிக்கோட்டில் ககரமும் ஒகரக் குறியுமாகவும் எழுதலாம். ககரம், கொம்பு, கால் என மூன்றாகவும் எழுதலாம். இரண்டும் சமம் என்பது தரத்தின் விதி. அச்சமன்பாட்டை அறியாத கருவியில் ஒன்றைத் தேடினால் மற்றொன்று அகப்படாது. ஔகார உயிரின் இடத்தில் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து எழுதிவிட்டால் கண்ணுக்கு வேறுபாடு தோன்றாது. அகர வரிசையில் சொல் வேறிடத்திற்குச் சென்றுவிடும்.

அகராதித் தொகுப்பாளர் ஒருவர் ஒரு தலைச்சொல்லை இருமுறை பதிவதும், மொழிபெயர்ப்பு நினைவகத்தில் ஏற்கெனவே உள்ள தொடர் இல்லை எனக் காட்டப்படுவதும், தொடரடைவில் எண்ணிக்கை குறைவதும் இவற்றின் விளைவுகள். பிழையான உரைத்தரவுகளின்மீது செய்யப்படும் புள்ளியியல் ஆய்வு மொழியைப் பற்றிக் கூறுவதாகத் தோன்றும். உண்மையில் அது பெட்டியைப் பற்றியே கூறும். இன்று உரைத்தரவுகளைக் கொண்டே எந்திர மொழிபெயர்ப்பு முதலியவை பயிற்றப்படுவதால், இக்குறைபாட்டின் வீச்சு முன்னைவிடப் பெரிது.

மென்பொருளைத் தேர்வு செய்யும் குழுக்களில் மொழியியலாளர் இடம்பெறும்போது சில எளிய சோதனைகளைக் கோரலாம். தமிழ்99, இன்ஸ்கிரிப்ட், ஒலிபெயர்ப்பு ஆகிய மூன்று முறைகளிலும் 'அம்மா' என எழுதிச் சேமிக்கப்பட்ட குறியெண்கள் ஒன்றாக உள்ளனவா எனப் பார்க்கலாம். சொல்லின் இடையில் இடங்காட்டியை நகர்த்தி உயிரை இட்டுப் பார்க்கலாம். 'நி', 'நீ', 'கொ', 'ஸ்ரீ' ஆகியவற்றின்மீது அம்பு விசையையும் இருவகை அழிப்பு விசைகளையும் பயன்படுத்திப் பார்க்கலாம். தமிழ் விசைப்பலகை இயங்கும்போதே நகலெடுக்கும் கட்டளையைத் தரலாம். இவற்றைச் செய்து முடிக்க ஒரு மணி நேரமும் ஆகாது. விலை, வசதி, வேகம் ஆகியவற்றோடு இவற்றையும் ஒப்பந்த நிபந்தனைகளாகச் சேர்ப்பது இயலாததன்று.

9. முடிவுரை

தட்டச்சுப்பொறியில் விசைக்கும் எழுத்துக்கும் இருந்த பிணைப்பு இரும்பாலானது. அதை மாற்ற இயலவில்லை, எழுத்தே வளைந்துகொடுத்தது. கணினியில் அப்பிணைப்பு வழக்கத்தாலானது மட்டுமே. அதை அவிழ்க்கத் தேவையான ஏற்பாடுகள் எல்லாத் தளங்களிலும் பல்லாண்டுகளாக உள்ளன. ஆயினும் புதிதாக ஓர் உரைப்பெட்டியை வனைபவர் விசை அழுந்தியது என்னும் செய்தியிலிருந்தே தொடங்குகிறார். ஒரு விசைக்கு ஓர் எழுத்து என்னும் ரெமிங்டன் காலத்து விதி அங்கே மீண்டும் உயிர்பெறுகிறது.

எழுத்து என்பது யாது என்னும் வினாவைத் தமிழ் இலக்கண மரபு ஈராயிரம் ஆண்டுகளாக ஆராய்ந்து வந்துள்ளது. அவ்வினாவுக்கு இன்று ஒவ்வோர் உரைப்பெட்டியும் தன் அளவில் ஒரு விடையைச் செயற்படுத்துகிறது. அவ்விடையை நிரலாளர் ஒருவர் தனித்திருந்து முடிவு செய்வதா, மொழியறிந்தோரும் உடனிருந்து முடிவு செய்வதா என்பது நம் துறையினர் முன்னுள்ள கேள்வி. குறியேற்ற விவாதங்களில் காட்டிய அக்கறையை உரைப்பெட்டியின்மீதும் காட்டினால், எழுதிய தமிழ் எழுதியவாறே நிலைபெறும்.